ஃபோர்மட் செய்யச் சொல்லாத கடை: கொட்டாஞ்சேனையில் ஒரு கணினித் திருத்தகம்

கணினி எழும்பவில்லை என்று கொண்டுபோனால், வாய் திறந்ததும் "ஃபோர்மட் பண்ணுவோமா" என்று கேட்காத திருத்தகம் ஒன்று கொழும்பில் இருக்கிறது. ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கைகளில் ஒன்றில், பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் ஒற்றை அறை. கடைக்குப் பெயர் கிடையாது. கண்ணாடிக் கதவில் 'கணினி திருத்தம்' என்று மூன்று மொழியிலும் ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தை வைத்திருப்பவர்களுக்காக முக்கியமாக இதை எழுதுகிறேன். அந்தப் பெயரைக் கேட்டதும் முகத்தைச் சுளிக்கும் கடைகளைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

என் தொழில் பக்க வடிவமைப்பு. திருமண அழைப்பிதழ், பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ், கும்பாபிஷேக மலர் எல்லாம் செய்வேன். ஆனால் ஆண்டு முழுவதும் குறையாமல் வருவது 31ஆம் நாள் நினைவு மலர். குடும்பத்தார் பழைய புகைப்படங்களையும் வம்சாவளியையும் கொண்டுவந்து கொட்டுவார்கள். யார் பெயருக்கு முன்னால் யார் பெயர் வரவேண்டும் என்பதில் என் மேசைக்கு முன்னாலேயே சண்டை நடக்கும். தேவாரம், திருவாசகம், பேரப்பிள்ளைகளின் கவிதை, கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். இந்த வேலையில் தவணை கேட்க முடியாது. வீட்டுக்கிருத்தியத்துக்கு வருகிறவர்கள் சாப்பிட்டு எழும்பும்போது புத்தகம் கையில் இருந்தாக வேண்டும். மறுநாள் கொடுக்கிற நினைவு மலரை யாரிடம் கொடுப்பது?

2022இல் டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, புதிய கணினி வாங்கும் எண்ணத்தைத் தள்ளிப்போட்டு, இருந்த மேசைக் கணினியிலேயே உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட இன்னொரு வகையை நிறுவிக்கொண்டேன். இறந்தவர்களின் அடையாள அட்டைப் பிரதிகளும் குடும்ப விபரங்களும் என்னிடம் தங்குவதால், வன்தட்டு முழுவதையும் மறைகுறியாக்கச் சொன்னேன். இயந்திரத்தை எழுப்பும்போதே ஒரு கடவுச்சொல் கேட்கும். அதைக் கொடுக்காமல் உள்ளே ஒன்றையும் வாசிக்க முடியாது.

ஒரு நினைவு மலர் பாதியில் நிற்கும்போது அது எழும்பாமல் போனது. முந்திய மாலை வழக்கமான புதுப்பித்தல் நடந்திருந்தது. காலையில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் கடகடவென்று ஓடி நின்றன. கெர்னல் பேனிக் (இயங்குதளத்தின் நடுப்பகுதியான கெர்னல் மேலே போக முடியாமல் நின்றுவிட்டது) என்றும், மூலக் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்ற பொருளில் ஒரு வரியும், அதன் முடிவில் அடைப்புக்குறிக்குள் இரண்டு பூச்சியங்களும். விசைப்பலகையில் எதைத் தட்டினாலும் அசைவில்லை.

நகரத்தில் இன்னொரு பக்கத்தில் இருக்கும் பெரிய கடை ஒன்றுக்குத்தான் முதலில் கொண்டுபோனேன். அங்கே வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டிப் பார்த்தார்கள். மறைகுறியாக்கம் இருந்ததால் எதுவும் தெரியவில்லை. "தரவு போய்விட்டது. ஃபோர்மட் செய்து விண்டோஸ் போட்டுத் தருகிறோம், 7,500 ரூபா" என்றார்கள். பூட்டியிருக்கும் தட்டையும் அழிந்துபோன தட்டையும் பிரித்தறியாத ஒருவர், ஒரு குடும்பத்தின் படங்களை அழிக்கத் தயாராக நிற்கிறார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கணினியைத் தூக்கிக்கொண்டு முச்சக்கர வண்டியில் ஏறிவிட்டேன். வழமையாக எனக்கு அச்சடித்துத் தரும் அச்சகத்தில் வேலை செய்யும் அண்ணர்தான் இந்த மேல்மாடிக் கடையைச் சொன்னார்.

கடையை நடத்துகிறவர் முப்பது வயது மதிக்கத்தக்க இளைஞர், ஹட்டன் பக்கத்தவர். உதவிக்குச் சிங்களப் பெண் ஒருவர் இருக்கிறார். இருவரும் தங்களுக்குள் சிங்களத்தில் பேசினாலும், என் கணினியைப் பற்றிப் பேசும்போது அவர் தமிழுக்கு மாறினார். கணினியை மேசையில் வைத்ததும் திருகாணிச் சாவியை எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கேட்ட முதல் கேள்வி இது: "அக்கா, கடவுச்சொல் கேட்டதா?"

இல்லை என்றேன். "கேட்ட பிறகு நின்றதா, கேட்காமலே நின்றதா?" கேட்காமலே.

"அப்படியென்றால் தட்டில் பிழை இருக்க வாய்ப்புக் குறைவு. கடவுச்சொல் கேட்கிற ஆளே இன்றைக்கு வேலைக்கு வரவில்லை" என்றார். பிறகு கணினியை எழுப்பி, தயாரிப்பாளரின் சின்னம் மறையும் தறுவாயில் எஸ்கேப் விசையை ஒரே ஒரு முறை தட்டினார். நான் அதற்குமுன் கண்டிராத பட்டியல் ஒன்று வந்தது. அதுதான் கிரப், கெர்னலை நினைவகத்தில் ஏற்றிவிடுகிற சிறு மென்பொருள். அதில் மேலதிகத் தெரிவுகள் என்ற இரண்டாவது வரிக்குள் போனால், என் கணினியில் இதுவரை நிறுவப்பட்ட கெர்னல்கள் வரிசையாக நின்றன. மேலே 6.8 பதிப்பு, அதற்குக் கீழே 5.15 என்று தொடங்கும் பல. ஒவ்வொன்றும் இரண்டு வரி, சாதாரணம் ஒன்று, மீட்பு முறை ஒன்று. இரண்டாவதாக நின்ற கெர்னலின் சாதாரண வரியைத் தெரிந்து எடுத்து என்டரைத் தட்டினார்.

கடவுச்சொல் பெட்டி வந்தது. அவர் கதிரையிலிருந்து எழும்பி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, "நீங்களே போடுங்கள் அக்கா" என்றார். போட்டேன். என் மேசைத்திரை, என் கோப்புகள், பாதியில் நின்ற நினைவு மலர், எல்லாம் அப்படியே இருந்தன. அழுகை வந்துவிட்டது, சொல்வதில் வெட்கம் இல்லை.

இந்த இடத்தில் அவர் செய்த காரியத்துக்காகவே இந்தக் கடைக்கு முழுப் புள்ளி கொடுப்பேன். திருத்த வேலையை அவர் உடனே தொடங்கவில்லை. "முதலில் நடப்பு வேலைகளைப் பிரதி எடுங்கள். அதற்குப் பிறகுதான் நான் கை வைப்பேன்" என்று சொல்லி யூஎஸ்பி ஒன்றை நீட்டினார். பிரதி முழுதாக ஏறும்வரை காத்திருந்தார். ஏறியதும் ஒரு கோப்பைத் திறந்து காட்டச் சொன்னார். இயந்திரம் எழும்பிய மகிழ்ச்சியில் இருக்கும் வாடிக்கையாளருக்கு இதெல்லாம் தோன்றாது. திருத்துகிறவருக்குத் தோன்ற வேண்டும்.

எனக்கு இருந்த முதல் பயம், பழைய கெர்னலில் ஏறினால் என் வேலைகளும் பழைய நிலைக்குப் போய்விடுமோ என்பது. பலருக்கும் இந்தப் பயம் இருக்கும். அப்படி எதுவும் நடக்காது. கெர்னல் என்பது இயங்குதளத்தின் நடுவில் நின்று நினைவகம், செயலி, வன்தட்டு போன்றவற்றை மென்பொருள்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் பகுதி. புதியது வரும்போது பழையதை அழித்து அதன்மேல் எழுதுவதில்லை. ஒவ்வொரு பதிப்புக்கும் தனிக் கோப்பு, சாதனங்களை ஓட்டுவதற்கு அதற்குரிய சிறு மென்பொருள்களான இயக்கிகளுக்குத் தனி அடைவு. எனவே எந்தப் பதிப்பில் ஏறினாலும் நம் ஆவணங்களும் மென்பொருள்களும் ஒன்றே. மென்பொருள்கள் கெர்னலிடம் வேலை கேட்கும் வழிகள் வரையறுக்கப்பட்டவை. அவற்றில் புதியன சேரும், பழையன பெரும்பாலும் மாறுவதில்லை. 1991இல் லினக்ஸை எழுதத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதில் மிகக் கண்டிப்பானவர். நேற்று ஓடிய மென்பொருளை இன்றைய கெர்னல் ஓடவிடாமல் செய்தால் அது கெர்னலின் பிழை என்பது அவருடைய கொள்கை. அந்தக் கண்டிப்பினால்தான் ஓரிரு பதிப்பு முன்னே பின்னே ஏறினாலும் என் பக்கங்கள் கலையாமல் திறக்கின்றன.

பிறகு காரணத்தைக் காட்டினார். மறைகுறியாக்கிய தட்டில், கணினி எழும்புவதற்குத் தேவையான கோப்புகள் மட்டும் பூட்டப்படாத ஒரு சிறு பகிர்வில், அதாவது தட்டில் தனியாகப் பிரித்த ஒரு பகுதியில், இருக்கும். அதற்குப் பூட் பகிர்வு என்று பெயர். என் கணினியில் அதன் அளவு 700 எம்பி அளவில்தான். ஒவ்வொரு கெர்னலும் அங்கே இரண்டு முக்கியக் கோப்புகளை வைக்கிறது. ஒன்று கெர்னல், பத்துப் பதினைந்து எம்பி. மற்றது இனிட்ராம்எஃப்எஸ், அது 100 எம்பியைத் தாண்டும். திருவிழாவுக்கு முதல் நாளே வந்து பந்தல் போட்டுக் கொடுத்துவிட்டு விலகும் ஆட்களைப் போன்றது இந்த இரண்டாவது கோப்பு. தட்டைத் திறக்கும் கருவிகளும் கடவுச்சொல் கேட்கும் வேலையும் அதற்குள்தான் இருக்கின்றன. உள்ளே வழி திறந்ததும் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போய்விடும். பழைய கெர்னல்கள் ஐந்தாறு சேர்ந்ததும் பகிர்வு நிரம்பிவிட்டது. 6.8 வந்தபோது கெர்னல் கோப்புக்கு இடம் கிடைத்தது, இனிட்ராம்எஃப்எஸ் கோப்புக்குக் கிடைக்கவில்லை. அடுத்த நாள் கிரப் புதிய கெர்னலை ஏற்றியது. தட்டைத் திறந்துவிட ஆள் இல்லாமல் கெர்னல் திகைத்து நின்றது. "கடவுச்சொல் கேட்டதா" என்ற அந்த ஒரு கேள்வியில் இத்தனையும் அடங்கியிருந்திருக்கிறது!

திரையில் பகிர்வின் கணக்கைக் காட்டினார், 100 வீதம். அந்த அடைவைத் திறந்து கோப்புகளைப் பெயர் பெயராகக் காட்டினார். 5.15 ஒவ்வொன்றுக்கும் சோடியாக இரண்டு இருந்தன. 6.8க்கு ஒன்றுதான் இருந்தது. எனக்கு அதன்பிறகு விளக்கம் தேவைப்படவில்லை.

அங்கிருந்து வேலை வேகமாக நடந்தது. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலையும் அதற்கு முந்திய ஒன்றையும் விட்டுவிட்டு மற்றவற்றை நீக்கினார். அடைவுக்குள் போய்க் கோப்புகளைக் கையால் அழிக்கவில்லை. மென்பொருள்களை நிறுவவும் நீக்கவும் உள்ள பொதி மேலாளர் வழியாகவே நீக்கினார். கையால் அழித்தால், நிறுவியவற்றின் பதிவேட்டில் அவை இருப்பதாகவே நிற்கும், அடுத்த புதுப்பித்தலில் வேறு வில்லங்கம் வரும் என்றார். அரைகுறையாய் நின்ற நிறுவலை முடித்து, 6.8க்கான இனிட்ராம்எஃப்எஸ் கோப்பை உருவாக்கி, கிரப் பட்டியலையும் புதுப்பித்து, கணினியை மறுபடி எழுப்பினார். இந்த முறை 6.8 கடவுச்சொல் கேட்டது.

பழைய கெர்னலிலேயே இருந்துவிடலாமே, அது ஓடுகிறதுதானே என்று கேட்டேன். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை. 2022 மார்ச்சில் வெளியான டேர்ட்டி பைப் என்ற பாதுகாப்புக் குறையைச் சொன்னார். 5.8 பதிப்பிலிருந்து இருந்துவந்த அந்த ஓட்டை வழியாக, சாதாரணப் பயனர் ஒருவர் தனக்கு வாசிக்க மட்டும் அனுமதியுள்ள கோப்பிலும் எழுதிவிட முடிந்தது. 5.15 வரிசையில் 5.15.25இல்தான் அது அடைக்கப்பட்டது. அதற்கு முந்திய பதிப்பில் தங்கியவர்களுக்கு ஓட்டை திறந்தபடியே இருந்தது. பழைய கெர்னல் உள்ளே போய்த் திருத்துவதற்கான வழி, குடியிருப்பதற்கு அல்ல என்பது அவருடைய நிலைப்பாடு. மக்களின் விபரங்களை வைத்துத் தொழில் செய்கிறவளாக நான் அதை முழுமனதுடன் ஏற்கிறேன்.

விதிவிலக்கும் அவரிடம் உண்டு. நான் இருக்கும்போதே மாணவர் ஒருவர் மடிக்கணினியுடன் வந்தார். கெர்னல் மாறியதும் வைஃபை போய்விட்டது. அதன் இயக்கி கெர்னலோடு வராத, தனியாக நிறுவிய இயக்கி. புதிய கெர்னலுக்கு ஏற்ப அது மீண்டும் தொகுக்கப்படாமல் நின்றிருக்கிறது. அதைச் சரிசெய்யும்வரை, எழும்பும்போது பழைய கெர்னலே தானாகத் தெரிவாகும்படி கிரப்பில் அமைத்துக் கொடுத்தார். "இது தற்காலிகம், அடுத்த வாரம் வந்து காட்டு தம்பி" என்று திகதியும் சொல்லி அனுப்பினார். இன்னொருவர் கொண்டுவந்த கணினியின் வன்தட்டு டக் டக்கென்று சத்தமிட்டது. அதை எழுப்பிப் பார்க்கவே அவர் மறுத்துவிட்டார். தட்டே பழுதானால் எந்தக் கெர்னலும் உதவாது, ஓடவிட ஓடவிட இழப்புத்தான் கூடும் என்று சொல்லி, மின்சாரமே கொடுக்காமல் தரவு மீட்பவர்களிடம் கொண்டுபோகச் சொன்னார். காசும் வாங்கவில்லை.

என்னை அனுப்புவதற்குமுன் கிரப் பட்டியல் ஒவ்வொரு முறையும் ஐந்து விநாடி தெரியும்படி மாற்றினார். வழமையாக அது மறைந்தே இருக்கும். என் கணினியில் எஸ்கேப் விசையை ஒரு தட்டுக்கு மேல் தட்டினால் பட்டியலைத் தாண்டிக் கட்டளை வரிக்குள் போய்விடும். எழுப்பும் அடிப்படை மென்பொருள் பழைய பயாஸ் வகையாக உள்ள கணினிகளில் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும். அவசரத்தில் இதெல்லாம் நினைவுக்கு வராது என்பதால் பட்டியலைக் கண்முன்னே நிறுத்திவிட்டார். பிறகு உதவியாளரான அந்தப் பெண் என்னை உட்காரவைத்து, பழைய கெர்னலில் என் கையாலேயே ஏற்றிக்காட்டச் சொன்னார். அவருடைய தமிழும் என் சிங்களமும் நடுவழியில் சந்தித்துக்கொண்டன. அவர் பொறுமையாகவே இருந்தார். இப்போது எந்தக் கெர்னலில் இருக்கிறேன் என்று பார்க்கும் கட்டளையையும், பூட் பகிர்வில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்கும் கட்டளையையும் ஒரு தாளில் எழுதித் தந்தார். தாள் என் திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது.

கட்டணம் 2,000 ரூபா.

குறைகளும் உண்டு, அவற்றை மறைத்தால் இந்த மதிப்பீட்டில் நேர்மை இருக்காது. படிக்கட்டு மிகக் குறுகல். மேசைக் கணினியைத் தூக்கிக்கொண்டு ஏறுவது வயதானவர்களுக்குச் சாத்தியமில்லை. ஆள் கீழே வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள், ஆனால் அதற்குத் தொலைபேசியை எடுக்க வேண்டுமே! வேலையில் இருந்தால் எடுப்பதில்லை. பற்றுச்சீட்டு கேட்டால்தான் தருவார்கள். தொழிலுக்குக் கணக்கு வைத்திருப்பவர்கள் கேட்டு வாங்குங்கள். திருத்தும் நாட்களில் பயன்படுத்த மாற்றுக் கணினி எதுவும் கொடுப்பதில்லை. என் வேலை அங்கேயே உட்கார்ந்திருக்கும்போது முடிந்தது. எல்லோருக்கும் அப்படி அமையாது. வீட்டுக்கு வந்து பார்ப்பதும் இல்லை. இன்னொன்று, அவர் விளக்கும்போது மிக வேகமாகப் பேசுகிறார். நிறுத்தி, "திரும்பச் சொல்லுங்கள் தம்பி" என்று கேட்டால் சலிக்காமல் முதலிலிருந்து சொல்வார். ஆனால் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் பாதி விளங்காமலே திரும்பிவிடக்கூடும்.

விண்டோஸ் வேலையும் செய்கிறார்கள். அதைப் பற்றி நான் கருத்துச் சொல்ல முடியாது. திரை மாற்றுவது, விசைப்பலகை மாற்றுவது போன்றவற்றுக்கு இதைவிடப் பெரிய கடைகளில் உதிரிப்பாகங்கள் கூடுதலாகக் கிடைக்கும். எழும்பாத லினக்ஸ் கணினி, உள்ளே விலைமதிப்பற்ற கோப்புகள், எவராவது ஃபோர்மட் செய்யச் சொல்லிப் பயமுறுத்திய நிலை என்றால் தயங்காமல் இங்கே வாருங்கள்.

போகும்போது திரையில் கடைசியாகத் தெரிந்த வரிகளைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டு போங்கள். அதையும் அவர் கேட்பார். மறைகுறியாக்கிய தட்டு என்றால் கடவுச்சொல்லை நினைவில் வைத்திருங்கள், அவரிடம் சொல்லத் தேவையில்லை. மடிக்கணினிக்கு அதன் மின்னேற்றியும் வேண்டும், எல்லா வகையும் அங்கே இல்லை. பிரதி எடுப்பதற்கு வெற்று யூஎஸ்பி ஒன்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடை பூட்டு. மற்ற நாட்களில் காலை பத்து மணிக்குப் பிறகு திறந்திருக்கும். பூமாலைக் கடைக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சைக் கதவுதான் படிக்கட்டுக்கு வழி.